கல்யாண வீடியோ எடிட் செய்ய ஒரு வீட்டுக் கணினி: உதிரிகளைத் தேர்ந்தெடுக்க முழு வழிகாட்டி

சிங்கப்பூரில், செங்காங்கில் இருக்கும் என் சித்தப்பா மகன் வார இறுதிகளில் கல்யாண வீடியோ எடுப்பவன். போன வருடம் எடிட்டிங்குக்கென்றே ஒரு கணினி வாங்கினான். ரைசன் 9 செயலி (சிபியு), ஆர்டிஎக்ஸ் 40 வரிசை கிராஃபிக்ஸ் கார்டு, உள்ளே வானவில் மாதிரி மின்னும் விளக்குகள், எல்லாம் சேர்த்து நாலாயிரம் வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மேல். முதல் கல்யாணத்தை டைம்லைனில் போட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டான். முகூர்த்தக் காட்சி, மூன்று கேமரா. ப்ளே தட்டினால் கெட்டிமேளம் பாட்டுக்கு ஓடுகிறது, படம் உறைந்து நிற்கிறது. மேளம் அடங்கிய பிறகுதான் மாப்பிள்ளையின் கை தாலியோடு மேலே எழும்புகிறது.

“ரேம் பத்தலையா அண்ணே?” என்றான். 64 ஜிபி போட்டிருந்தான்.

அந்தப் பெட்டிக்குள் இருந்த ஒவ்வொன்றும் நல்ல பொருள்தான். ஆனால் அவன் கேமரா எழுதுகிற கோப்பு வகையைப் பிரித்துப் படிக்கும் சுற்று அந்தச் செயலியிலும் இல்லை, அந்தக் கார்டிலும் இல்லை. விளையாட்டுக்கு எது வேகமோ அதுவே எடிட்டிங்குக்கும் வேகம் என்று நினைத்து வாங்கியிருந்தான். கடையிலும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள். அதனால் இந்த வழிகாட்டி கடையில் தொடங்காது, கேமராவில் தொடங்கும்.

முதல் படி: உங்கள் கோப்பைத் திறந்து பாருங்கள்

மீடியாஇன்ஃபோ என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. கேமராவில் எடுத்த ஒரு கிளிப்பை அதில் இழுத்துப் போடுங்கள். வரிசையாக நிறைய வரும். நமக்கு வேண்டியது நாலே நாலு: கோப்பின் வகை (ஏவிசி என்றால் எச்.264, எச்இவிசி என்றால் எச்.265), நிறப் பகிர்வு (4:2:0 அல்லது 4:2:2; பின்னதில் நிற விவரம் அதிகம்), பிட் ஆழம் (8 அல்லது 10; கூடினால் நிறப் படிகள் நுணுக்கமாகும்), வினாடிக்கு எத்தனை மெகாபிட். ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். கடைக்குப் போகும்போது இதுதான் உங்கள் மருந்துச் சீட்டு.

கைப்பேசி, ட்ரோன், ஆக்ஷன் கேமரா எல்லாம் பெரும்பாலும் 4:2:0. இதை இன்றைக்குக் கிடைக்கும் எந்தச் செயலியும் எந்தக் கார்டும் சிரமமில்லாமல் படிக்கும். உங்கள் வேலை இவ்வளவுதான் என்றால் பாதித் தலைவலி இங்கேயே தீர்ந்தது.

சிக்கல் 10 பிட் 4:2:2-இல். மிரர்லெஸ் வகைப் புதிய சோனி, கேனன் கேமராக்களில் நிறம் திருத்த வசதியாக இருக்கும் என்று பலரும் இதைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். எச்.265-இல் இந்த வகையை ஹார்டுவேரிலேயே படிக்கும் திறமை மேசைக் கணினிக்கான இன்டெல் செயலிகளின் உள்கட்டமைந்த கிராஃபிக்ஸில் 11ஆம் தலைமுறையில் வந்தது. வீடியோவைப் படிக்கும் அந்தச் சுற்றுக்கு இன்டெல் வைத்த பெயர் குயிக் சிங்க். என்விடியாவில் 2025 தொடக்கத்தில் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசைதான் முதல்முறையாக இதைப் படித்தது, 40 வரிசை வரை கிடையாது. ஏஎம்டி ரைசன் 9000 செயலிக்குள் இருக்கும் சிறு கிராஃபிக்ஸுக்கும் இது முடியாது. எச்.264-இலேயே 10 பிட் 4:2:2 எடுப்பவர் என்றால் நான் கீழே சொல்லும் இன்டெல் செயலியும் கைவிடும், ஆர்டிஎக்ஸ் 50 கை கொடுக்கும்.

ஹார்டுவேர் படிக்காவிட்டால் என்ன ஆகும்? செயலியின் கோர்கள் (உள்ளே தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதிகள்) எல்லாம் சேர்ந்து கையால் மாவு ஆட்டுகிற கதையாக மென்பொருள் வழியே பிரிக்கும். ஒரு கேமராவுக்குத் தாங்கும். மூன்றை ஒன்றாக ஓட்டினால் படுத்துவிடும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வருடத்துக்கு இரண்டு மூன்று வீடியோதான் செய்கிறீர்கள் என்றால் புதுக் கணினியே வேண்டாம். ராத்திரி தூங்கப் போகும் முன் ப்ராக்சி, அதாவது சிறிய நகல் கோப்புகளை உருவாக்க விட்டுவிடுங்கள். காலையில் எழுந்து பழைய மடிக்கணினியிலேயே வெட்டி ஒட்டலாம். ஏற்றுமதியின்போது, அதாவது முடித்த வீடியோவைக் கோப்பாக எழுதும்போது, மென்பொருள் தானாகவே அசல் கோப்புக்குத் திரும்பிக்கொள்ளும். கடைக்காரர் யாரும் இதைச் சொல்லமாட்டார்.

இரண்டாம் படி: எந்த மென்பொருள்?

பிரீமியர் ப்ரோ செயலியையும் குயிக் சிங்க் போன்ற சுற்றுகளையும் அதிகம் சார்ந்திருக்கும். டாவின்சி ரிசால்வ் கிராஃபிக்ஸ் கார்டைத்தான் பிழிந்தெடுக்கும். நிறத் திருத்தம், இரைச்சல் நீக்கம், ஃப்யூஷன் விளைவுகள் எல்லாம் அங்கேதான் ஓடும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் ரேமைத் தின்னும். ரிசால்வின் இலவசப் பதிப்பு 4கே வரை ஏற்றுமதி செய்யும். ஸ்டுடியோ பதிப்பு ஒரே ஒருமுறை 295 அமெரிக்க டாலர், மாதச் சந்தா இல்லை. நான் ரிசால்வ் ஆள், அதனால் கீழே சொல்வதில் கொஞ்சம் அந்தப் பக்கச் சாய்வு இருக்கும்.

மூன்றாம் படி: செயலி

4:2:2 எச்.265 எடுப்பவருக்கு என் முதல் தேர்வு இன்டெல் கோர் அல்ட்ரா 7 265கே. 20 கோர், உள்ளே குயிக் சிங்க். வாங்கும்போது எண்ணின் கடைசி எழுத்தைப் பாருங்கள். ‘எஃப்’ என்று முடிந்தால், 265கேஎஃப் மாதிரி, உள்கட்டமைந்த கிராஃபிக்ஸ் கிடையாது. கொஞ்சம் விலை குறைவு என்று அதை நீட்டுவார்கள். நமக்கு வேண்டியதே அந்தப் பகுதிதான்.

13, 14ஆம் தலைமுறை இன்டெல் செயலிகளில் மின்னழுத்தம் கூடிப்போய் நாளடைவில் நிலைகுலையும் சிக்கல் 2024-இல் வெளிச்சத்துக்கு வந்தது. மைக்ரோகோடு (செயலியின் உள் மென்பொருள்) திருத்தமும் கூடுதலாக இரண்டு வருட உத்தரவாதமும் இன்டெல் கொடுத்தது. புதியதை வாங்கி பயாஸை, அதாவது மதர்போர்டின் அடிப்படை மென்பொருளை, புதுப்பித்தால் பயமில்லை. பழையதாகக் கைமாறும் 13900கே, 14900கே மாதிரியானவற்றை நான் தொடமாட்டேன். முன்பிருந்தவர் எப்படி ஓட்டினார் என்று யாருக்குத் தெரியும்?

ஆர்டிஎக்ஸ் 50 கார்டு போடப்போகிறீர்கள் என்றால் ஏஎம்டியும் தாராளமாக வாங்கலாம். ரைசன் 9 9900எக்ஸ் 12 கோர். செயலி அமரும் ஏஎம்5 சாக்கெட்டை 2027 வரையிலாவது தொடர்வோம் என்று ஏஎம்டி சொல்லியிருப்பதால், மதர்போர்டை மாற்றாமல் பிறகு செயலியை மட்டும் மாற்ற வாய்ப்பு உண்டு.

நான்காம் படி: கிராஃபிக்ஸ் கார்டு

இங்கே வேகத்தைவிடக் கார்டிலேயே இருக்கும் நினைவகத்தின் அளவு முக்கியம். ரிசால்வில் 4கே கிளிப்பின்மேல் இரைச்சல் நீக்கம் போட்டு, அதன்மேல் இன்னும் இரண்டு விளைவுகளை ஏற்றிப் பாருங்கள். 8 ஜிபி கார்டு என்றால் ‘ஜிபியு (கிராஃபிக்ஸ் சில்லு) நினைவகம் நிரம்பிவிட்டது’ என்று திரையில் ஒரு பெட்டி வந்து நிற்கும். வேகம் குறைந்தால் காத்திருக்கலாம், நினைவகம் தீர்ந்தால் வேலையே நிற்கும்.

ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ இரண்டு அளவுகளில் வருகிறது: 8 ஜிபி, 16 ஜிபி. பெட்டி ஒரே மாதிரி இருக்கும். 16 ஜிபிதான் வாங்க வேண்டும், ரசீதிலும் அப்படியே எழுதி வாங்குங்கள். ஆர்டிஎக்ஸ் 5070 வேகமானது, ஆனால் 12 ஜிபிதான். கையில் பணம் இருந்தால் 5070 டிஐ: 16 ஜிபி, 300 வாட். அதற்கு மேலே போவதெல்லாம் இதில் சோறு தின்பவர்களுக்கு.

ஐந்தாம் படி: ரேம்

4கே வேலைக்கு 32 ஜிபி போதும், 64 சௌகரியம். 2025 இறுதியில் ரேம் விலை எகிறியதிலிருந்து ‘64 கட்டாயம்’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் எத்தனை ஜிபி வாங்கினாலும் இரண்டு குச்சிகளாக வாங்குங்கள். டிடிஆர்5-இல் நான்கு குச்சி போட்டால் வேகம் இறங்கும், சிலசமயம் கணினி எழும்பவே மறுக்கும். செயலியிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது துளைகளில் செருகுங்கள்.

ஆறாம் படி: சேமிப்பு, ஒரு சின்னக் கணக்கு

துண்டுத் தாளை எடுங்கள். வினாடிக்கு 100 மெகாபிட் என்றால் எட்டால் வகுத்து 12.5 மெகாபைட். ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. மூன்று கேமரா, ஆளுக்கு நாலு மணி நேரம்: 540 ஜிபி. ஒரே ஒரு கல்யாணம்! அதற்கு முந்தின நாள் நலங்கு, மறுநாள் வரவேற்பு என்று சேர்ந்தால் ஒரு டிபி சுலபமாகத் தாண்டும்.

இப்போது வேகத்தைப் பாருங்கள். மூன்று கேமராவையும் ஒன்றாக ஓட்டினாலும் வேண்டியது வினாடிக்கு 37.5 மெகாபைட்தான். நான்காம் தலைமுறை என்விஎம்இ எஸ்எஸ்டி 7,000 மெகாபைட் வரை படிக்கும். ஐந்தாம் தலைமுறை அதைப் போல இரண்டு மடங்கு விலாசும், கூடவே நன்றாகச் சூடாகும். நமக்கு எதற்கு? அந்த வித்தியாசப் பணத்தில் கொள்ளளவைக் கூட்டுங்கள்.

என் ஏற்பாடு இப்படி: விண்டோஸுக்கும் மென்பொருளுக்கும் 1 டிபி. நடப்பு வேலைக்கும், மென்பொருள் தற்காலிகமாக எழுதும் கேஷ் கோப்புகளுக்கும் தனியாக 2 டிபி, டிஎல்சி வகை. கியூஎல்சி வகை மலிவுதான், ஆனால் ஒரே மூச்சில் 500 ஜிபி கொட்டினால் பாதி வழியில் மூச்சு வாங்கும். முடிந்த வேலைகளுக்கு 8 டிபி சுழலும் ஹார்டு டிஸ்க். இதில் சிஎம்ஆர் என்று போட்டிருப்பதைக் கேட்டு வாங்குங்கள், எஸ்எம்ஆர் வகை திரும்ப எழுதும்போது இழுவையோ இழுவை.

அந்த 8 டிபி டிஸ்கைக் காப்பு என்று நினைத்துவிடாதீர்கள். அது இருப்பு, அவ்வளவுதான். இன்னொரு வெளிப்புற டிஸ்கில் நகல் எடுத்து வேறு வீட்டில் வையுங்கள். என்னுடையது ஈசூனில் அக்கா வீட்டு அலமாரியில், பட்டுப்புடவைகளுக்கு அடியில் இருக்கிறது. இன்னொருவர் கல்யாணத்தைத் தொலைத்துவிட்டு அந்தக் குடும்பத்தின் முகத்தில் எப்படி விழிப்பது?

ஏழாம் படி: மதர்போர்டு, பவர் சப்ளை

மதர்போர்டில் எஸ்எஸ்டி செருக மூன்று எம்.2 துளை, பின்னால் யூஎஸ்பி-சி, வைஃபை, செயலி இல்லாமலே பயாஸைப் புதுப்பிக்க பயாஸ் ஃப்ளாஷ்பேக் பொத்தான். இவை இருந்தால் நடுத்தர விலைப் பலகையே போதும்.

பவர் சப்ளை 5070 டிஐ-க்கு 750 வாட் என்பது என்விடியாவின் பரிந்துரை. நான் 850 போடுவேன். மின்சாரத்தை வீணாக்காத 80 பிளஸ் கோல்டு தரம், புதிய கார்டுகளுக்கேற்ற ஏடிஎக்ஸ் 3.1 வகை. கார்டின் 16 முனைச் செருகியை ‘க்ளிக்’ என்று அமரும்வரை அழுத்த வேண்டும். பாதியில் நின்றால் உருகும்.

இதில் நான் பட்ட சூடு ஒன்று உண்டு. பவர் சப்ளையை மாற்றியபோது பழைய கேபிள்களைக் கழற்றச் சோம்பல்பட்டு அப்படியே புதியதில் செருகினேன். செருகி பொருந்தியது. உள்ளே கம்பிகளின் வரிசை வேறு. ஒரு நொடியில் இரண்டு ஹார்டு டிஸ்க் போயிற்று. ஒவ்வொரு பவர் சப்ளைக்கும் அதனோடு வந்த கேபிள் மட்டும்தான்.

எட்டாம் படி: நம் ஊர் வெக்கை

குளிர்நாட்டு விமர்சகர்கள் தரும் வெப்ப அளவுகளை அப்படியே நம்பாதீர்கள். அவர்கள் அறை 21 டிகிரி. நம் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் மத்தியானம் காற்றாடி மட்டும் சுழன்றால் 31. அறையில் 10 டிகிரி ஏறினால் பெட்டிக்குள் ஒவ்வொன்றும் ஏறக்குறைய அதே 10 டிகிரி ஏறும். அதனால் முன்பக்கம் முழுக்க வலை போட்ட பெட்டி வாங்குங்கள். கண்ணாடி முகப்பு அழகுதான், ஆனால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடச் சொல்வது மாதிரி. முன்னால் இரண்டு விசிறி உள்ளிழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள. செயலிக்கு இரட்டைக் கோபுரக் காற்றுக் குளிர்விப்பான் போதும். தண்ணீர்க் குளிர்விப்பான் கெட்டால் வெயில் நாளில் ஏற்றுமதி நடுவில் நிற்கும், காற்று வகையில் கெடுவதற்கு விசிறி மட்டும்தான் இருக்கிறது.

இடமும் முக்கியம். சுவரில் மாட்டிய ஏசிக்கு நேர் கீழே வைக்காதீர்கள், அது என்றைக்காவது சொட்டியே தீரும். பூஜை அலமாரிக்குப் பக்கத்திலும் வேண்டாம். வெள்ளிக்கிழமைதோறும் போடும் சாம்பிராணிப் புகையும் சமையலறை எண்ணெய் ஆவியும் சேர்ந்து விசிறிகளில் ஒரு பிசுபிசுப்பைப் படியவைக்கும், ஊதினால் போகாது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தூசி வலையைக் கழற்றிக் கழுவுங்கள்.

மின்கட்டணம் பற்றி அம்மா கேட்பார். 400 வாட்டில் ஐந்து மணி நேரம் ஓடினால் 2 யூனிட். யூனிட் ஏறக்குறைய 30 காசு என்று வைத்தால் 60 காசு. அறையின் குளிர்சாதனம்தான் உண்மையில் காசு தின்கிறது.

ஒன்பதாம் படி: திரை

மானிட்டரில் மிச்சம் பிடித்தால் பட்டுப்புடவையில் தெரிந்துவிடும். என் பழைய திரையில் அரக்கு நிறப் புடவை ஒன்றை அரக்காகத் தெரியும்வரை திருத்தி அனுப்பினேன். பெண்ணின் அம்மா கூப்பிட்டு, “தம்பி, நாங்க எடுத்தது அரக்குப் புடவை. டிவியில தக்காளி நிறத்துல வருது” என்றார். வாங்க வேண்டியது 27 அங்குலம், 4கே, ஐபிஎஸ் வகைத் திரை, எஸ்ஆர்ஜிபி நிற வரம்பில் 100 சதவீதம். முடிந்தால் நிறமானி ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்கி அளவிடுங்கள். தோல் நிறம் சரியாக வருவதற்கும் இதுதான் அடிப்படை. நம்மவர்கள் முகத்தை வெளுக்கவைத்து அனுப்பும் பழக்கத்தைப் பற்றி எனக்குத் தனிக் கோபம் உண்டு, அது இன்னொரு நாளைக்கு.

பத்தாம் படி: கடைக்குப் போவது

தேக்காவில் காலை பரோட்டாவை முடித்துவிட்டு நடந்தாலே சிம் லிம் ஸ்கொயர். ரோச்சோர் எம்ஆர்டி பக்கத்தில். உதிரிகளை விற்று, கணினி கட்டிக்கொடுக்கும் கடைகள் அங்கே உண்டு. விலைப்பட்டியல் கேளுங்கள். மூன்று கடைப் பட்டியலை வாங்கிக்கொண்டு கீழே இறங்கி, ஒரு தே குடித்தபடி ஒப்பிடுங்கள். முதல் கடையிலேயே பணம் கட்டாதீர்கள்.

கேட்க வேண்டிய கேள்விகள்: விலையில் 9 விழுக்காடு பொருள், சேவை வரி சேர்ந்ததா? உள்ளூர் விநியோகிப்பாளர் உத்தரவாதமா, வெளியிலிருந்து இறக்கியதா? பழுதானால் நான் எங்கே கொண்டுபோக வேண்டும், உங்களிடமா அவர்களிடமா? ‘முழு செட்’ விலை என்று சொன்னால், ஒவ்வொரு உதிரியின் முழு மாடல் எண்ணையும் ரசீதில் எழுதச் சொல்லுங்கள். ‘650 வாட் பவர் சப்ளை’ என்று மட்டும் எழுதிய ரசீதுக்குப் பின்னால் எந்தப் பெயரும் ஒளிந்திருக்கலாம்.

ரசீதை அன்றைக்கே படம் எடுத்து வையுங்கள். வெப்பத்தாள் ரசீது ஒரு வருடத்தில் வெள்ளைக் காகிதமாகிவிடும், உத்தரவாதம் மூன்று வருடம் இருக்கும். 2012 செப்டம்பரிலிருந்து நடப்பில் உள்ள ‘லெமன் லா’ விதிப்படி, வாங்கிய ஆறு மாதத்துக்குள் தெரியும் பழுது ஒப்படைத்தபோதே இருந்ததாகத்தான் பொதுவாகக் கருதப்படும். இல்லையென்று காட்ட வேண்டியது விற்றவர். பேச்சு முற்றினால் 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளுக்குச் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் இருக்கிறது. இதைக் கடையில் உரக்கச் சொல்லத் தேவையில்லை, தெரிந்து வைத்திருந்தால் குரலிலேயே தெரியும்.

பழைய பொருள்கள் கைமாறும் கரோசெல் தளத்தில் பெட்டி, கிராஃபிக்ஸ் கார்டு, மானிட்டர் போன்றவற்றைப் பழையதாக வாங்கலாம். விற்பவர் வீட்டிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பவர் சப்ளையும் ஹார்டு டிஸ்கும் பழையதாக வேண்டவே வேண்டாம்.

பதினோராம் படி: கட்டுவதும் பயாஸும்

கடையில் கட்டித்தரச் சொல்லலாம், தப்பில்லை. நீங்களே கட்டினால் கவனம் வேண்டிய இடம் ஒன்றுதான்: செயலி அமரும் சாக்கெட்டில் முடி மாதிரி ஊசிகள். விரலோ திருகாணியோ பட்டு ஒன்று வளைந்தால் உத்தரவாதம் கிடையாது. செயலியின் மூலையில் இருக்கும் தங்க முக்கோணத்தைச் சாக்கெட்டின் முக்கோணத்தோடு பொருத்தி, அழுத்தாமல் வையுங்கள்.

முதல்முறை பொத்தானைத் தட்டியதும் திரை கறுப்பாகவே இருக்கும். பதறாதீர்கள். டிடிஆர்5 ரேம் தன்னைத்தானே பழக்கிக்கொள்ள சில நிமிடம் எடுக்கும். திரைக் கேபிளைக் கார்டில் செருகியிருக்கிறீர்களா, மதர்போர்டிலா என்றும் பாருங்கள். எல்லாருக்கும் ஒருமுறை நடக்கும்.

பயாஸில் இரண்டு வேலை. ரேமின் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ அமைப்பைப் போடுங்கள், இல்லாவிட்டால் காசு கொடுத்த வேகம் வராது. இன்டெல் ஆட்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: தனி கிராஃபிக்ஸ் கார்டு செருகியதும் பல மதர்போர்டுகள் உள்கட்டமைந்த கிராஃபிக்ஸைத் தாமாகவே அணைத்துவிடும். ‘ஐஜிபியு மல்டி மானிட்டர்’ (ஐஜிபியு என்றால் உள்கட்டமைந்த கிராஃபிக்ஸ்) என்பது போன்ற ஒரு வரி இருக்கும், அதை இயக்குங்கள். பிறகு விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் இரண்டு ஜிபியு தெரிய வேண்டும். ஒன்றுதான் தெரிகிறது என்றால் நீங்கள் தேடித்தேடி வாங்கிய குயிக் சிங்க் உள்ளே தூங்குகிறது. எடிட்டிங் மென்பொருளின் விருப்பங்களிலும் ஹார்டுவேர் டிகோடிங் (கோப்பைச் சுற்றே பிரித்துப் படிப்பது) இயங்குகிறதா பாருங்கள்.

கடைசியாக, சோதனைக்கென்று உள்ள மென்பொருளை எல்லாம் விட்டுவிட்டு உங்கள் சொந்தக் கோப்பையே போடுங்கள். மூன்று கேமரா, ஒன்றின்மேல் ஒன்று, அரை மணி நேரம். டாஸ்க் மேனேஜரில் ‘வீடியோ டிகோட்’ கோடு மேலே எழும்பி, செயலி நிதானமாக இருந்தால் எல்லாம் சரி.

செங்காங் தம்பி முழுக் கணினியையும் மாற்றவில்லை. 40 வரிசைக் கார்டைக் கரோசெலில் விற்றான், மேலே கொஞ்சம் போட்டு 5070 டிஐ வாங்கினான். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அந்தப் பழைய முகூர்த்தக் கோப்பை ஓட்டி, கைப்பேசியில் படம் பிடித்து எனக்கு அனுப்பினான். கெட்டிமேளமும் கையும் ஒன்றாக எழுந்தன. “அண்ணே, இப்பதான் தெரியுது, ரெண்டாவது கேமரா ஃபோகஸ் அவுட்டு” என்று கீழே எழுதியிருந்தான்.